திருவனந்தபுரம் விழாவுக்கு முதல் தடவை போகிறேன்: எந்தப் படம் பார்ப்பது, பார்த்துவிட்டு என்ன எழுதுவது?

பாசஞ்சர்_டிக்கெட் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் நாகர்கோவில், செட்டிகுளம் பக்கம் ஒரு மொபைல் கடையில் வேலை. இந்த டிசம்பரில் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போகலாம் என்று முதலாளியிடம் லீவு வாங்கிவிட்டேன். "எந்தப் படம்டே?" என்று கேட்டார். நூற்றுக்கு மேல் படம் ஓடும் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்த நூற்றுக்கு மேல்தான் என் பிரச்சினையும். போன வருட அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு அரங்கில் ஓடுகிறது. பாதி இயக்குநர்களின் பெயரை வாசிக்கவே நாக்கு சுளுக்குகிறது. கேன்ஸில் பரிசு வாங்கியது, வெனிஸில் வாங்கியது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதுமா?

இன்னொன்று, சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. மெதுவான படம் எனக்கு ஓடாது. வீட்டில் லேப்டாப்பில் போட்டால் இருபது நிமிஷத்தில் கை போனுக்குப் போய்விடும். ஆங்கில சப்டைட்டிலும் கடகடவென்று வாசிக்க வராது.

பார்த்த படங்களைப் பற்றி முகநூலில் எழுதுவது வழக்கம். நண்பன் ஒருவன், "நீ எழுதுவது விமர்சனமா கதைச்சுருக்கமா?" என்று கேட்டுவிட்டான். அதற்கும் யாராவது வழி சொன்னால் நல்லது.

---

பின்வரிசை:

மக்கா, நானும் நாகர்கோவில்தான். வேலை திருவனந்தபுரத்தில், ஒரு வங்கியில். டிசம்பர் இரண்டாவது வாரம் எனக்கு லீவு என்பது கிளையில் எல்லாருக்கும் தெரியும், காரணம் கேட்பதை விட்டுவிட்டார்கள். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் பரிசுக் கதை. உலக விழாக்களுக்கு ஒரு வருட ஓட்டம் உண்டு. ஜனவரி கடைசியில் ராட்டர்டாம், பிப்ரவரியில் பெர்லின், மே மாதம் கேன்ஸ், ஆகஸ்டில் லொகார்னோ, ஆகஸ்ட் முடிவில் வெனிஸ், அதன் பின்னாலேயே டொரன்டோ, பூசான். அந்த வருடம் பேசப்பட்டதெல்லாம் இதையெல்லாம் சுற்றிவிட்டு நவம்பரில் கோவாவுக்கும் டிசம்பரில் இங்கேயும் சென்னைக்கும் வந்து சேரும். அதனால் நீ அட்டவணையைத் திறந்தால் ஏறக்குறைய எல்லாப் படத்தின் பெயருக்குக் கீழேயும் ஏதாவது ஒரு விருது இருக்கும். அதை வைத்து வடிகட்டவே முடியாது.

நான் செய்வது வேறு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரே ஒரு கேள்வி: இதை நான் வேறு எங்கே பார்ப்பேன்?

2022 விழாவில் எல்லாரும் லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' பார்க்க முண்டியடித்தார்கள். மம்மூட்டி, பழனிப் பக்கத்துக் கிராமம், படம் முழுக்கப் பழைய தமிழ்ப் பாட்டு. ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அந்தப் படம் 2023 ஜனவரி 19ஆம் தேதி தியேட்டருக்கே வந்துவிட்டது. ஒரு மாதம் பொறுத்திருந்தால் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்திருக்கலாம். நான் அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு 'உத்தாமா' பார்க்கப் போனேன். பொலிவியப் படம். மழையில்லாத மலைமேட்டில் லாமா மேய்க்கும் கிழவனும் கிழவியும், ஊரைவிட்டு நகரத்துக்கு வா என்று கூப்பிட வரும் பேரனும். அந்த வருடம் விழாவின் முதல் பரிசான சுவர்ண சகோரம் அதற்குத்தான் கிடைத்தது. பரிசுக்காகச் சொல்லவில்லை. அந்த மலையை அவ்வளவு பெரிய திரையில் இன்னொரு தடவை பார்க்க எனக்கு வாய்ப்பே இல்லை, அதற்காகச் சொல்கிறேன்.

அதேபோல பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்'. 2024 மே மாதம் கேன்ஸில் கிராண்ட் பிரி வாங்கியது, செப்டம்பரிலேயே கேரளத் தியேட்டர்களில் ஓடியது. டிசம்பரில் அவர் விழாவுக்கு வந்தபோது அந்தப் படத்தை முன்பே பார்த்துவிட்டவர்கள் ஊரில் நிறையப் பேர்.

ஆக, நட்சத்திரம் இருக்கும் மலையாளப் படம், பெரிய ஓடிடி வாங்கி வைத்திருக்கும் படம் இரண்டையும் கடைசிக்குத் தள்ளு. முதலில் பழைய இயக்குநர்களின் படங்களைச் சேர்த்துக் காட்டும் தொகுப்பு வரிசையைப் பார். புதுப்பித்த பிரதியாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், போய்விடு. அடுத்தது போட்டிப் பிரிவு. இங்கே போட்டிப் பிரிவு ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா மூன்றுக்கும் மட்டும்தான். ஐரோப்பாக்காரர்கள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் உலக சினிமா பிரிவில்தான் வரவேண்டும். இந்த ஒரு விதிக்காகவே எனக்கு இந்த விழாவைப் பிடிக்கும். பொலிவியாவும் கோஸ்டா ரிகாவும் எந்த மல்டிபிளெக்ஸிலும் நமக்கு வந்து சேராது.

எப்போதும் கையில் இரண்டாவது தேர்வு ஒன்று இருக்கட்டும். விழாவில் காட்டும் படங்களுக்குத் தணிக்கை விலக்கு மத்திய அரசிடமிருந்து வரவேண்டும். 2025இல் 19 படங்களுக்கு அது வராமல் இழுத்தடித்தது. அந்தப் பட்டியலில் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 'பேட்டில்ஷிப் போடெம்கின்'. 1925இல் வந்த படம்! நூறு வயதான படத்தில் இன்னும் யாருக்கு என்ன பயமோ. அந்த வாரம் அட்டவணையை நம்பி வந்தவர்கள் பாடு திண்டாட்டம்.

ஒரு நாளைக்கு ஐந்து படம் பார்க்க முடியும். ஐந்தும் பார்க்காதே. மூன்று போதும். நாலாவது படத்தில் யார் எந்த நாட்டில் அழுதார்கள் என்றே நினைவிருக்காது. சப்டைட்டில் கஷ்டம் என்கிறாய், அப்படியானால் முதல் நாள் பேச்சு குறைந்த படமாகப் பார். எடுத்த எடுப்பில் கொரிய இயக்குநர் ஹாங் சாங்-சூ படத்தில் போய் உட்கார்ந்துவிடாதே. அதில் ஆட்கள் மேஜையைச் சுற்றி சோஜு குடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பார்கள், உனக்கு வாசிப்பதற்குத்தான் நேரம் சரியாக இருக்கும். முகத்தைப் பார்க்கவே முடியாது. இரண்டாம் மூன்றாம் நாளில் கண் பழகிவிடும்.

மெதுவான படத்துக்கு வருகிறேன். 2022இல் வாழ்நாள் சாதனை விருது வாங்க ஹங்கேரி இயக்குநர் பேலா டார் வந்திருந்தார். அவருடைய 'தி டூரின் ஹார்ஸ்' 146 நிமிஷம், மொத்தமே 30 ஷாட் (நடுவில் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்த துண்டுதான் ஷாட்). கணக்குப் போட்டுக்கொள், ஒரு ஷாட் ஏறக்குறைய ஐந்து நிமிஷம். உன் கை போனுக்குப் போகுமா போகாதா?

அதில் அப்பாவும் மகளும் தினமும் சாப்பிடுவது ஆளுக்கு ஒரு அவித்த உருளைக்கிழங்கு. அப்பாவுக்கு வலது கை விழுந்துவிட்டது. கொதிக்கிற கிழங்கை இடது கையாலேயே உரிப்பார், சூடு தாங்காமல் ஊதுவார், நகத்தால் பிய்ப்பார், உப்பைத் தொட்டு அவசர அவசரமாக வாயில் போடுவார். வெளியே காற்று ஊளையிடும். அவ்வளவுதான் காட்சி. முதல் நாள் கேமரா அப்பாவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. மறுநாள் அதே சாப்பாடு, ஆனால் கேமரா மகள் பக்கம். அவள் வேறு மாதிரி சாப்பிடுகிறாள், நிதானமாக, கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு இருவரையும் சேர்த்துப் பக்கத்திலிருந்து. சாப்பாடு மாறவில்லை, நாம் உட்கார்ந்திருக்கும் இடம்தான் மாறுகிறது. கடைசி நாளில் அடுப்பு பற்றவில்லை. தட்டில் பச்சைக் கிழங்கு. அப்பா அதைக் கடிக்கிறார். முந்தைய நாட்களில் அந்தக் கிழங்கின் சூட்டை அவ்வளவு நேரம் பார்த்திருந்தால்தான் அந்த ஒரு கடியின் சத்தம் உன்னை என்னவோ செய்யும்.

அதனால் மெதுவான படத்தில் "அடுத்து என்ன நடக்கும்" என்று காத்திருக்காதே. "போன தடவைக்கு இப்போது என்ன மாறியிருக்கிறது" என்று தேடு. கைக்கு வேலை கொடுத்தால் கை போனுக்குப் போகாது, கண்ணும் அப்படித்தான். தூக்கம் வந்தால் தூங்கு. குறட்டை மட்டும் விடாதே, பக்கத்தில் இருப்பவர் தோளில் தட்டுவார்.

எழுதுவதைப் பற்றி அப்புறம் வந்து சொல்கிறேன். கேஷ் முடிக்க வேண்டும்.

---

டூரிங்_டாக்கீஸ்:

பின்வரிசை அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயம் கேட்கிறேன், யாரும் கோபப்படக் கூடாது. இந்த விழாப் படங்களே வெள்ளைக்காரன் பார்ப்பதற்காக நம் வறுமையைப் படம் பிடித்து அனுப்புவதுதானே? பொட்டல் காடு, வெறுங்கால் பையன், தண்ணீர் இல்லை. 'கூழாங்கல்' ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கியதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். எங்கள் அப்பா பார்த்துவிட்டு, "இதை நான் தினமும் பார்க்கிறேன், இதற்கு எதற்குப் படம்?" என்றார். தம்பி முதல் தடவை போகிறார், பரவசத்தில் எல்லாவற்றையும் ஆகா ஓகோ என்று எழுதாமல் இருந்தால் சரி.

---

வழுதக்காடு:

தம்பி, பட விஷயம் அவர்கள் பேசட்டும். நான் இங்கேயே இருப்பவள், தாகூர் தியேட்டருக்கு நடந்து போகும் தூரம். பாஸ் இணையத்தில்தான் பதிய வேண்டும், கடைசி நேரம்வரை விடாதீர்கள். சமீப ஆண்டுகளில் ஆயிரம் ரூபாயும் அதற்கு மேல் வரியும், மாணவர்களுக்குப் பாதி. படத்துக்கு முந்தைய நாளே சீட்டை முன்பதிவு செய்துவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் தனி வரிசை இருக்கும், சீக்கிரம் போய் நின்றால் பெரும்பாலும் இடம் கிடைக்கும்.

தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கினால் கைரளி, ஸ்ரீ, நிளா மூன்றும் பக்கத்திலேயே. நியூ தியேட்டரும் அங்கேதான். தாகூரும் கலாபவனும் எங்கள் பக்கம். அடுத்தடுத்த படத்தைத் தம்பானூரிலும் வழுதக்காட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டால் ஆட்டோவுக்குத்தான் காசு போகும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குத் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ், சுருள் சுருளாக மேலே ஏறும் அந்தச் சிவப்புக் கட்டடம், லாரி பேக்கர் கட்டியது. மசால் தோசைக்குள் பீட்ரூட் இருக்கும், பயப்பட வேண்டாம்.

டூரிங் டாக்கீஸ் கேட்டதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 தொடக்க விழா, நிசாகந்தி திறந்தவெளி அரங்கம். அந்த ஆண்டு ஸ்பிரிட் ஆஃப் சினிமா விருது ஈரான் இயக்குநர் மஹ்நாஸ் முகமதிக்கு. அவரால் நேரில் வர முடியவில்லை. தலையைச் சரியாக மறைக்கவில்லை என்று போலீஸ் பிடித்துக்கொண்டுபோன மாசா அமினி செத்துப்போய், ஈரானில் பெண்கள் தெருவில் இறங்கியிருந்த நேரம். அவர் தன் முடியைக் கத்தரித்துக் கொடுத்து அனுப்பியிருந்தார். கிரேக்க இயக்குநர் அதினா ரேச்சல் சங்காரி அவருக்காக மேடைக்கு வந்து அந்த முடியை எல்லாருக்கும் காட்டினார். என் பக்கத்தில் ப்ளஸ் டூ படிக்கிற ஒரு பெண், அவள் எழுந்து நின்றுவிட்டாள். எல்லா விழாப் படமும் யாரோ வெள்ளைக்காரனுக்காக எடுத்தது என்று சொல்லும்போது எனக்கு அந்தப் பெண்தான் ஞாபகம் வருகிறாள். வீட்டுக்குள் அடைத்து வைத்தும் படம் எடுக்கிறார்கள், பாஸ்போர்ட்டைப் பிடுங்கியும் எடுக்கிறார்கள். வறுமையை விற்கிறவர்களும் இருப்பார்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை.

---

பின்வரிசை:

கணக்கு டேலி ஆகிவிட்டது, வந்துவிட்டேன்.

டூரிங் டாக்கீஸ், உங்கள் அப்பா சொன்னதை நான் சும்மா தள்ள மாட்டேன். அவர் கேட்டதுதான் விமர்சனத்தின் முதல் கேள்வி: தெரிந்த ஒன்றை இந்தப் படம் எனக்கு எப்படிக் காட்டியது? பையன் எழுதக் கற்றுக்கொள்வதற்கும் அந்தப் படமே நல்ல உதாரணம், அதிலேயே பேசலாம்.

வினோத்ராஜின் 'கூழாங்கல்' கதையைச் சொல்ல எனக்கு மூன்று வரி போதும். குடிகார அப்பன் பள்ளிக்கூடத்திலிருந்து பையனை இழுத்துக்கொண்டு, கோபித்துக்கொண்டு போன மனைவியைக் கூட்டிவர அவள் ஊருக்குப் போகிறான். அங்கே சண்டை. பஸ்ஸுக்கு வைத்திருந்த காசைப் பையன் கிழித்துப்போட, இருவரும் மதுரைப் பக்கத்து வெயிலில் நடந்தே ஊர் திரும்புகிறார்கள். இதை மட்டும் எழுதினால் உங்கள் அப்பா சொன்னது சரி, தினமும் பார்ப்பதுதான்.

இப்போது கல்லைப் பார். நடக்கும் வழியில் பையன் தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறான். எச்சில் ஊறட்டும் என்று. நம் ஊர்ப் பையன்கள் எல்லாரும் செய்வதுதான், யாரும் அதை விளக்கிப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் வாயிலிருந்து கல்லை எடுத்து ஒரு இடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் கல் கிடக்கிறது.

அவ்வளவுதான். ஒரு வசனம் இல்லை, இசை இல்லை, பழைய நினைவு என்று ஒரு காட்சி இல்லை. ஆனால் அந்தக் குவியலைப் பார்த்த நொடியில் உனக்குத் தெரிந்துவிடுகிறது: அம்மா கோபித்துக்கொண்டு போவதும், அப்பன் இழுத்துக்கொண்டு போவதும், வெயிலில் திரும்பி வருவதும் இன்று ஒரு நாள் கதை இல்லை. எத்தனை தடவை நடந்திருக்கிறான் என்று கல் சொல்கிறது. அதுவரை நீ பார்த்த எழுபது சொச்ச நிமிஷமும் வேறு படமாக மாறிவிடுகிறது. வறுமையைக் காட்டுகிறவனுக்கு வெடித்த தரையும் ஒட்டிய வயிறும் போதும், இந்தக் குவியல் தேவைப்படாது. அந்தப் பையனுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது, அதை அவன் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறான் என்று யோசித்த இயக்குநருக்குத்தான் அது தேவைப்படும்.

உங்கள் அப்பாவிடம் அந்தக் குவியலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. அதுவும் நல்ல விமர்சனம்தான், ஏன் என்று அவர் சொன்னால்.

பாசஞ்சர், உனக்கு நான் சொல்லும் வழி இதுதான். ஒரு படத்துக்கு ஒரு ஷாட் அல்லது ஒரு சத்தம். தியேட்டரைவிட்டு வெளியே வந்ததும் முதலில் மனதில் நிற்பது எதுவோ அதைக் குறித்துக்கொள். நோட்டில் எழுது, போனைத் திறந்தால் நாலு பேர் போட்ட நட்சத்திர மார்க் கண்ணில் படும், அப்புறம் உன் கருத்து எது அவன் கருத்து எது என்று உனக்கே தெரியாது. கேமரா எங்கே இருந்தது, யார் முகம் தெரியவில்லை, எது திரும்பத் திரும்ப வந்தது. இதில் ஏதாவது ஒன்றைப் பிடி. ராத்திரி அதை வைத்து ஒரு பத்தி எழுது. கதை அந்த ஷாட்டைப் புரிந்துகொள்ள எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் உள்ளே வரலாம்.

இந்த யூடியூப் விமர்சனக்காரர்கள் மீது எனக்குப் பெரிய கோபமெல்லாம் இல்லை. இடைவேளையிலேயே தீர்ப்பு சொல்ல வேண்டிய தொழில் அது. முதல் பாதி ஓகே, இரண்டாம் பாதி லேக், பாட்டு வேகத்தடை. ஆனால் விழாப் படங்களில் பாதிக்கு இடைவேளையே கிடையாது, அந்த அளவுகோல் எதற்கும் உதவாது. ஒளிப்பதிவு அருமை, படத்தொகுப்பு கச்சிதம் என்று பிரித்துப் பிரித்து மார்க் போடுவதையும் விட்டுவிடு. உனக்கு எந்த இடத்தில் வெட்டினார்கள் என்று சொல்ல முடிந்தால் மட்டும் படத்தொகுப்பைப் பற்றிப் பேசு.

---

டூரிங்_டாக்கீஸ்:

கல் குவியலை நான் கவனித்தேன், ஆனால் பையன் விளையாட்டுக்குச் சேர்த்து வைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். இன்னொரு தடவை பார்க்கிறேன். அப்பாவிடம் கேட்க மாட்டேன், அவர் வடிவேலு காமெடி பார்க்கும் நேரம் இது.

என் கட்சி முழுசாக மாறவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன். ராட்டர்டாமிலிருந்தோ பெர்லினிலிருந்தோ முத்திரை விழாத ஒரு தமிழ்ப் படத்தை இதே கண்ணோடு யார் பார்க்கிறார்கள்? 2024இல் 'கொட்டுக்காளி'யும் 'வாழை'யும் ஒரே நாளில் ரிலீஸ், ஆகஸ்ட் 23. பெர்லின் போன படம் என்று 'கொட்டுக்காளி'யை ஒரு கூட்டம் தலையில் வைத்தது, இன்னொரு கூட்டம் அதையே காரணமாகச் சொல்லிக் கிண்டல் செய்தது. இரண்டு பக்கமும் படத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

---

பின்வரிசை:

இதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. முடிவை அப்படியே அறுத்துவிட்டார்கள் என்று 'கொட்டுக்காளி'யைத் திட்டியவர்களும் சரி, முடிவு இல்லாததாலேயே உலகத்தரம் என்றவர்களும் சரி, ஆட்டோவுக்குள் அந்தப் பெண் எவ்வளவு நேரம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று பேசியதை நான் அதிகம் பார்க்கவில்லை. முத்திரையைக் கிழித்துவிட்டுப் பார்க்கப் பழக ஒரு வாரம் விழாவில் உட்காருவது நல்ல பயிற்சி. மூன்றாம் நாளில் எல்லாப் படத்திலும் முத்திரை இருப்பதால் எதிலும் இல்லாத மாதிரி ஆகிவிடும்.

---

பாசஞ்சர்_டிக்கெட்:

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. தினமும் காலை ரயிலில் வந்துவிட்டு ராத்திரி திரும்பிவிடலாம் என்று யோசிக்கிறேன், ரூம் வாடகை மிச்சம். சரிப்படுமா? அப்புறம் படம் முடிந்து இயக்குநர் பேசுவார்களாமே, அதில் நம்மை மாதிரி ஆட்கள் கேள்வி கேட்கலாமா? ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

---

வழுதக்காடு:

போய்வருவது வேண்டாம் தம்பி. கடைசிப் படம் முடியவே நேரமாகிவிடும், வண்டியைப் பிடிக்கிற பதட்டத்தில் கடைசி அரைமணி நேரப் படம் போய்விடும். தம்பானூரில் லாட்ஜ் நிறைய, விழா நேரத்தில் இருவர் மூவராகச் சேர்ந்து எடுத்தால் கட்டுப்படியாகும். இப்போதே சொல்லி வையுங்கள். கேள்வி தாராளமாகக் கேளுங்கள். மலையாளத்தில் கேட்கிறவர்களும் உண்டு, பக்கத்தில் இருப்பவர் யாராவது ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லிவிடுவார். நம் ஆட்கள் கேள்வி என்று எழுந்து சொற்பொழிவு ஆற்றுவார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள்.

---

பின்வரிசை:

கேள்வி கேட்பதென்றால் "இந்தப் படத்தின் மெசேஜ் என்ன" என்று கேட்காதே, எந்த ஊர் இயக்குநருக்கும் முகம் சுருங்கிவிடும். அந்த ஷாட்டில் கேமராவை ஏன் வாசலுக்கு வெளியே வைத்தீர்கள் என்கிற மாதிரி கேள். உடனே நிமிர்ந்து உட்காருவார்கள்.

ரூமுக்கு நானும் ஒரு ஆளைக் கேட்டுப் பார்க்கிறேன். தனிச்செய்தியில் தேதியைப் போடு. அட்டவணை வந்ததும் இதே இழையில் நீ எடுத்த தேர்வைப் போட்டுவிடு, எல்லாரும் சேர்ந்து அடித்துத் திருத்தலாம்.